ஒரே காப்பியம், இரண்டு குழல்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் வித்துராவில் இறங்கி ஒரு டீ குடிப்பது வழக்கம். அதற்குப் பிறகு கல்லாறு, பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாப் பயணிகளின் கண் மலை உச்சியில் இருக்கும். ஓடைக் கரையில் புதர் புதராக நிற்கும் நாணல் மூங்கிலை யாரும் கவனிப்பதில்லை. கூடையும் பாயும் முடைகிறவர்களுக்கு அதுதான் சோறு. மலையாளத்தில் அதன் பெயர் ஈற்ற. அதன் நெருங்கிய உறவு ஓட. புல்லாங்குழலுக்கு மலையாளிகள் வைத்த பெயரே ஓடக்குழல்தான். ஜி. சங்கரக் குருப்புக்கு 1965ஆம் ஆண்டின் முதல் ஞானபீடப் பரிசை வாங்கித் தந்த கவிதைத் தொகுப்பின் பெயரும் அதுவே.

சரித்திர நாடகம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய புதர் இது. கிரீடத்துக்கும் வாளுக்கும் வாடகைக் கடை உண்டு. குழல் என்று வரும்போதுதான் சிக்கல். சுற்றுலாக் கடையில் வார்னிஷ் பூசி, சரிகை நூல் சுற்றித் தொங்கும் குழலை வாங்கி மாதவியின் அரங்கேற்றத்தில் வாசிக்க வைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்பது சமாதானம். முன்வரிசையில் ஒரு வித்வான் உட்கார்ந்திருந்தால் தெரியும்.

‘பழைய குழல்’ என்று ஒன்று கிடையாது. எந்தக் காலம், யார் கையில் என்று முதலில் கேட்க வேண்டும். சிலப்பதிகாரத்துக்குள்ளேயே இரண்டு குழல் தேவைப்படுகிறது. ஒன்று அரங்கேற்று காதையில் மாதவிக்கு வாசிக்கும் குழலோனுடையது. அவன் கற்றுத் தேர்ந்த கலைஞன். மற்றொன்று ஆய்ச்சியர் குரவையில் இடைச்சேரியின் குழல். இரண்டுக்கும் ஒரே கருவியைக் கொடுப்பது, ராஜாவுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் ஒரே செருப்பு மாட்டுவது போல.

இடையனின் குழலுக்குச் சாட்சி பெரும்பாணாற்றுப்படை. தீக்கடையும் கோலால் மூங்கிலைச் சுட்டுத் துளையிட்டு, அதில் பாலைப் பண் வாசிக்கிறான் ஒரு கோவலன். கூடையும் பாயும் முடைய வித்துரா வட்டாரத்தில் எடுக்கப்படும் அதே நாணல் இனம் இதற்குப் பொருந்தும். சாதாரண முள் மூங்கிலுக்குச் சுவர் தடிப்பு, கணுவும் அடிக்கடி வரும். நாணல் மூங்கிலுக்குச் சுவர் மெலிது. இரண்டு கணுக்களுக்கு நடுவே அரை மீட்டர்கூடக் கிடைக்கும். ஒரு முனையில் கணுவை விட்டு வெட்டினால் அடைப்பு தானாகவே அமைந்துவிடும். துளைகளை டிரில்லரால் போடாமல் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டால், ஓரம் கருகி, பார்க்கவும் பழமையாக இருக்கும். செலவு அதிகம் ஆகாது.

ஆனால் பேப்பாறை சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. அரிவாளோடு காட்டுக்குள் நுழைவது குற்றம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூலாகக் கருதி, அதைச் சேகரிக்கும் உரிமையைக் காணிக்காரர் போன்ற வனவாசிகளுக்குத் தந்திருக்கிறது, நாடகக்காரர்களுக்கு அல்ல. விலை கொடுத்து வாங்குவதே முறை. காணிக்காரர் என்றால் குழல் ஊதுவார்கள் என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஒரு செய்தி: அவர்களின் சாற்றுப்பாட்டில் ஒலிப்பது கொக்கரை, இரும்பால் ஆனது, உரசி ஒலி எழுப்புவது.

அரங்கேற்றக் குழலுக்கு வருவோம். இங்கே வழிகாட்டி அடியார்க்குநல்லார். உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் இவருடைய உரை இருக்கிறது. குழல் செய்யும் முறையை ஒரு பட்டறைக்காரர் பக்குவத்தோடு எழுதியிருக்கிறார் மனிதர். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்து பொருள்கள். உத்தமம் மூங்கில்தான் என்கிறார். ஆனால் தம் காலத்தில் மரக்குழலே வழக்கம், அதிலும் கருங்காலியே பெருவழக்கு என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆகவே மரக்குழல் பிடித்தால் அது உரையாசிரியரின் காலம். காப்பியத்தின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. இயக்குநர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும்.

அளவுகளும் உண்டு. நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். இட முனையை வெண்கலத்தால் அடைக்க வேண்டும். அந்த முனையிலிருந்து 2 விரல் விட்டு ஊதும் வாய், அதற்கு 7 விரல் தள்ளி 9 விரல் இடத்தில் எட்டுத் துளை, கடைசியில் 2 விரல் மிச்சம். கூட்டினால் சரியாக 20 வருகிறது. எட்டில் ஒன்றை விட்டுவிட்டு ஏழில் விரல் வைத்து வாசிக்க வேண்டும். இன்றைய கர்நாடக இசைக் குழலிலும் ஊதும் துளை நீங்கலாக எட்டுத் துளைகள்தான். நூற்றாண்டுகள் பல கடந்த ஒற்றுமை.

யாருடைய விரல் என்பதுதான் வம்பு. ஒரு விரலை முக்கால் அங்குலம் என்று கொண்டால் குழல் சுமார் 38 செ.மீ. வரும். விரலில் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் மொத்தத்தில் 4 செ.மீ. போய்விடும்; சுருதி ஏறக்குறைய ஒரு கட்டை ஏறும். பாடுகிறவர் தொண்டையைக் கேட்டுவிட்டு விரலை முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

மரம் வாங்குவதில் இன்னொரு குழப்பம். சித்த மருந்துக் கடையில் கருங்காலி என்றால் வேல மர இனத்தைச் சேர்ந்த ஒன்று. மர வியாபாரியிடம் கேட்டால் கறுப்பு எபனியைக் காட்டுவார். உரைகாரர் எதைச் சொன்னார் என்று சண்டை போடலாம். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு சாயம் தோய்த்த மரத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாங்கிய துண்டை ஓரத்தில் சுரண்டிப் பார்ப்பது நல்லது.

அதற்கு மேல் கடைசல்காரரின் பாடு. குழலின் சுவர் அரை நெல்லரிசி கனத்துக்கு நிற்கும்படி கடைய வேண்டும் என்கிறது உரை. இவ்வளவு கெட்டியான மரத்தை அவ்வளவு மெலிதாகக் கடைவது விளையாட்டில்லை. பூரிக்கட்டையும் கட்டில் காலும் கடைந்து பழகிய கைக்கு இரண்டு மூன்று துண்டாவது வீணாகும்.

மரம் வெட்டியவுடன் குழல் ஆகிவிடாது என்பதையும் அடியார்க்குநல்லார் மறக்கவில்லை. இளமரம் கூடாது, கிழட்டு மரமும் கூடாது. பல திசைக் காற்றும் மோதிக்கொள்ளாத இடத்தில் வளர்ந்திருக்க வேண்டும். வெட்டியதை நிழலில் ஆறப் போட்டு, முறுக்கவில்லை, பிளக்கவில்லை என்று ஒரு வருடம் பார்த்த பிறகுதான் உளி வைக்கலாம்.

நாடகத் தேதியை அச்சடித்து அழைப்பிதழும் அனுப்பிவிட்டுக் குழல் தேடக் கிளம்புகிறவர்கள், ஆய்ச்சியர் குரவையோடு திருப்திப்பட்டுக்கொண்டு வித்துராவுக்குப் பஸ் ஏறலாம்.