விலைக்கு வந்த செய்தி



காலையில் நம் வீட்டுக்கு வரும் நாளிதழில் துணிக்கடை விளம்பரமும் இருக்கிறது. நாட்டு நடப்பும் இருக்கிறது. துணிக்கடைக்காரர் தம் சரக்கைத் தாமே புகழ்ந்து கொள்வார் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே அந்தப் புகழ்ச்சியில் பாதியைத் தள்ளிவிட்டே படிக்கிறோம். ஆனால் செய்திப் பத்தியைப் படிக்கும்போது அவ்வாறு தள்ளுவதில்லை. நம் சார்பில் ஒருவர் நேரில் சென்று, கண்டு, கேட்டு, விசாரித்து எழுதியிருக்கிறார் என்று நம்பிப் படிக்கிறோம். இந்த நம்பிக்கையே பத்திரிகையின் முதல். அந்த முதலையே ஒருவர் இரகசியமாக விற்றுவிட்டால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வியன்று. 2007 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உத்தரப்பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில், பிசௌலி என்னும் தொகுதியில் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் இரண்டு இந்தி நாளிதழ்கள் ஒரு வேட்பாளரைப் போற்றிக் கட்டுரை வெளியிட்டன. பார்ப்பதற்கு அது செய்தி போலவே இருந்தது. அந்த வேட்பாளர் உம்லேஷ் யாதவ் என்னும் பெண்மணி. அவரே வெற்றியும் பெற்றார். தோல்வியுற்ற வேட்பாளர் ஒருவர் இதனை அப்படியே விட்டுவிடவில்லை. இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் முறையிட்டார். செய்தியின் உடை உடுத்து வந்த விளம்பரம் வாசகரை ஏமாற்றுவதே என்று மன்றம் கண்டது. பின்னர் வழக்கு தேர்தல் ஆணையத்தின் முன் சென்றது. அந்தக் கட்டுரைக்காகச் செலவான 21,250 ரூபாயை அவர் தம் தேர்தல் செலவுக் கணக்கில் காட்டவில்லை என்று ஆணையம் தீர்மானித்து, 2011 ஆம் ஆண்டு அக்டோபரில் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. பணம் கொடுத்துப் பெற்ற செய்திக்காகப் பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தகுதி இழந்தது நம் நாட்டில் அதுவே முதன்முறை.

'வெறும் இருபத்தோராயிரம் ரூபாய்க்கா இவ்வளவு?' என்று சிலர் வியக்கக்கூடும். தொகை சிறிதே. ஆனால் மறைக்கப்பட்டது தொகை மட்டுமன்று. அந்தக் கட்டுரையின் பின்னால் இருந்த கையும் மறைக்கப்பட்டது. மறுநாள் வாக்குச்சாவடிக்குச் செல்லவிருந்த ஏழை எளியவர், தாம் படிப்பது பிறர் சாட்சியம் என்று எண்ணினார். உண்மையில் அவர் படித்தது வேட்பாளரே தமக்குச் சொல்லிக்கொண்ட சாட்சியம்!

வாக்குக்குப் பணம் வாங்குவது தகாது என்று நாம் அடிக்கடி பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் வாக்காளர் கையில் பணம் வைப்பவர் ஒருவருடைய வாக்கை விலை பேசுகிறார். வாங்குகிறவருக்கும் அது தெரியும். செய்தித்தாளுக்குப் பணம் தருபவரோ, பல்லாயிரம் பேருடைய தீர்ப்பை அவர்கள் அறியாமலே விலை பேசுகிறார். இவற்றுள் எது பெரிய தீங்கு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளையை நம் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் கற்கிறார்கள். அந்தக் கட்டளை நீதிமன்றக் கூண்டோடு முடிந்துவிடுவதில்லை. அச்சு இயந்திரத்தின் முன்னும் அது நிற்கிறது.

2009 ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது இந்த வாணிபம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை இதழாளர் பி. சாய்நாத் 'தி இந்து' நாளிதழில் எழுதி வெளிக்கொணர்ந்தார். இத்தனை செய்திக்கு இத்தனை ரூபாய் என்று விலைப்பட்டியல் போட்டு விற்கப்பட்டதையும், பணம் தர இயலாத வேட்பாளர்கள் பத்திரிகைகளில் தலைகாட்டவே முடியாமற் போனதையும் அவர் எடுத்துரைத்தார். அப்போதைய முதலமைச்சரைப் புகழ்ந்த ஒரே கட்டுரை, ஒன்றோடொன்று போட்டியிடும் ஏடுகளில் சொல் மாறாமல் வெளிவந்திருந்தது. அவரோ பணம் கொடுத்ததை மறுத்தார். தேர்தல் ஆணையம் 2014 இல் அவருக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையை டில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் நீக்கிவிட்டது. நியாயம் கருதி இதையும் சொல்லியாக வேண்டும். இரகசியமாகக் கைமாறும் பணத்தை மெய்ப்பிப்பது எத்துணைக் கடினம் என்பதும் இதனால் விளங்கும்.

இனிச் சொல்லப்போவது இன்னும் வருந்தத்தக்கது. இந்தக் குற்றச்சாட்டுகளை ஆராயப் பத்திரிகை மன்றம் பரஞ்சய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டி என்னும் இருவர் கொண்ட துணைக் குழுவை அமைத்தது. அவர்கள் 2010 இல் 71 பக்க அறிக்கையை அளித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஏடுகளின் பெயர்கள் அதில் இருந்தன. மன்றமோ அதனை முழுமையாக வெளியிடாமல், பெயர்களைத் தவிர்த்த சுருக்கமான அறிக்கை ஒன்றை மட்டும் வெளியிட்டது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் செய்யப்பட்டு, மத்தியத் தகவல் ஆணையம் கட்டளையிட்ட பின்னரே, 2011 இல் முழு அறிக்கையும் மக்கள் பார்வைக்கு வந்தது. ஆள்வோரிடம் நாள்தோறும் கணக்குக் கேட்பது பத்திரிகை உலகம். தன் கணக்கைக் காட்டும் வேளை வந்தபோது அது தயங்கியது. வேலியே பயிரை மேய்ந்தால் உழவன் யாரிடம் முறையிடுவான்?

பத்திரிகை நடத்துவோரின் இடர்ப்பாட்டையும் நாம் அறியாமல் இல்லை. நாம் கொடுக்கும் விலை காகிதச் செலவுக்கே போதாது. விளம்பரமின்றி நாளிதழ் நடவாது. சிற்றூர்களில் பணிபுரியும் செய்தியாளர் பலருக்கு முறையான ஊதியம் இல்லை. விளம்பரம் சேகரித்துத் தந்தால் தரகு உண்டு என்ற நிலை. ஒரே ஆள் காலையில் வேட்பாளரிடம் விளம்பரம் கேட்டு நின்று, மாலையில் அவரைப் பற்றியே நடுநிலையோடு எழுதுவது எங்ஙனம்? ஆயினும், வறுமை ஒரு செயலுக்குக் காரணம் ஆகலாம். அச்செயலை அது நியாயம் ஆக்கிவிடாது. விளம்பரம் வெளியிடுவதில் தவறில்லை. விளம்பரம் என்று தெளிவாக எழுதி வெளியிடட்டும். அவ்வளவே நாம் கேட்பது.

நம் பங்கில் திருவிழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைக் கோயில் வாசலில் ஒட்டுகிறோம். ஒட்டத் தாமதமானால், 'கணக்கு எங்கே?' என்று கேட்கப் பத்துப் பேர் வந்துவிடுகிறார்கள். நல்லதே. ஆனால் நம்மை ஆளப்போகிறவரிடம் அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோமா? தேர்தல் முடிவு வெளியான 30 நாள்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தம் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவருக்கான செலவு வரம்பு 2022 இல் 40 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒப்படைத்த கணக்கைச் சிறு கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் பார்வையிடலாம். பார்வையிட்டவர் நம்மில் எத்தனை பேர்?

வேறு வழிகளும் உண்டு. தேர்தல் துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தால், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் அச்சிடுவது தண்டனைக்குரிய குற்றம். செய்தி போல் தோன்றும் விளம்பரத்தைக் கண்டால் வெட்டி வைத்து, தேர்தல் காலத்தில் மாவட்டந்தோறும் இயங்கும் ஊடகக் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். அது பணச்செய்தியே என்று உறுதியானால், அதற்குரிய தொகை வேட்பாளரின் கணக்கில் சேர்க்கப்படும். பணச்செய்தியைத் தேர்தல் ஊழலாக அறிவித்துத் தண்டிக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015 இல் தன் 255 ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைக் காணும்போது, 'இதில் தங்கள் நிலை என்ன?' என்று மரியாதையுடன் கேளுங்கள்.

இறுதியாக, வீட்டிலே ஒரு பயிற்சி. மாலையில் நாளிதழை நடுவில் வைத்துப் பிள்ளைகளோடு அமருங்கள். 'இதைச் சொல்பவர் யார்? இவருக்கு எப்படித் தெரியும்? இதனால் ஆதாயம் யாருக்கு? மறுதரப்பின் விடை இருக்கிறதா?' என்று ஒரே ஒரு செய்தியைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் வரும் செய்திக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அங்கே பத்திரிகை ஆசிரியரும் இல்லை, அச்சகத்தின் பெயரும் இல்லை. ஆகவே இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டால், காசு வாங்காமலே அந்த வாணிபத்துக்கு நாமும் கூலியாள் ஆகிவிடுகிறோம்.

கேட்டுப் பழகிய குடும்பத்தை ஏமாற்றுவது எளிதன்று. அத்தகைய குடும்பங்கள் ஓர் ஊரில் பத்து இருந்தாலும் போதும். அங்கே செய்தியை விற்பவரும் வாங்குபவரும் இருமுறை எண்ணுவார்கள்.