முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது

'ஆளப் பாத்தாலே தெரியுதே' என்கிற பேச்சு நமக்குப் புதிதல்ல, தோழர்களே. உடலைப் பார்த்துச் சாதி சொல்லும் பொதுப்புத்திதான் உடலைப் பார்த்து நோயும் சொல்கிறது. இளைச்சவன்னா எய்ட்ஸ், கொழுகொழுன்னு இருந்தா ஒண்ணுமில்ல. இந்தப் பார்வை அநியாயம் மட்டுமல்ல, மருத்துவப்படியும் பொய்.

எச்.ஐ.வி. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு, நெறிகட்டு வரும். சிலருக்கு அதுவும் கிடையாது. வந்தாலும் சாதாரணக் காய்ச்சல்னு மறந்துபோகும். பிறகு பல வருஷம் வெளியே சத்தமே இல்லை. உள்ளே, எதிர்ப்பாற்றலை நடத்துகிற சிடி4 அணுக்களைக் கிருமி அழித்துக்கொண்டே இருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்க வேண்டியவை அவை. குறையக் குறையத்தான் அக்கி, காசநோய், வாயில் வெண்படலம், நிற்காத வயிற்றுப்போக்கு எல்லாம் வருகின்றன. 200க்குக் கீழே போனால் அதற்குப் பெயர் எய்ட்ஸ். வங்கியில் தினமும் பார்க்கிறேன்: இருப்பு கரைவது பாஸ்புக்கில் பதிந்தால்தான் தெரியும், ஆள் போட்டிருக்கிற சட்டையில் தெரியாது.

அறிகுறிக்குக் காத்திருப்பது என்றால் எதிர்ப்பாற்றல் காலியாகும்வரை காத்திருப்பது என்றுதான் அர்த்தம்.

'எதிர்ப்புச் சக்தி' இன்று பாட்டிலில் விற்கிற சரக்கு. நல்ல சோறும் தூக்கமும் வேண்டும்தான். ஆனால் எந்த லேகியமும் இந்தக் கிருமியை அடக்காது. அடக்குவது தினமும் தவறாமல் போடும் ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரை. 2004லிருந்து அரசு இலவசமாகத் தருகிறது. 2017லிருந்து சிடி4 எவ்வளவு என்று பார்க்காமல், தொற்று உள்ள எல்லோருக்கும் உண்டு. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியே அடுத்தவருக்குப் பரவாது.

மருந்து இருக்கிறது. அப்புறம் ஏன் ஜனங்கள் கடைசிக் கட்டத்தில் வருகிறார்கள்? வரிசையில் நிற்பதை ஊர்க்காரன் பார்த்துவிடுவானோ என்கிற பயம். ஒருநாள் கூலி போய்விடும் என்கிற கணக்கு. இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986ல் சென்னையில் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில் கண்டறியப்பட்டது. தொற்றுள்ள பெண்களைத் தண்டனைக்காலம் முடிந்தும் காப்பகத்தில் அடைத்து வைத்தார்கள். நீதிமன்றம் போய்த்தான் 1990ல் வெளியே வந்தார்கள். பரிசோதனை என்றால் கைது என்று அன்றைக்கு அரசே சொல்லிக்கொடுத்தது.

2018 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், சம்மதமில்லாமல் சோதிக்காதே, ரகசியத்தை வெளியே சொல்லாதே, வேலையில் ஒதுக்காதே என்கிறது. சட்டம் காகிதத்தில் கிடக்கிறது. நம் கூட்டங்களில் அதைப் படித்துக் காட்டுவோம். நம்பிக்கை மையத்துக்கு யாரையும் கைகாட்டி அனுப்ப வேண்டாம். முதலில் நாம போவோம். அப்பத்தான் அந்த வரிசை யாருக்கும் அடையாளமா இருக்காது.