இரண்டு சென் உயர்வு

தாதியர் சம்பளம் என்பது மாத இறுதியில் வங்கிக் கணக்கில் விழும் தொகை மட்டும் அன்று. அந்தத் தொகைக்கு உழைத்த மணி நேரத்தையும், வேலைக்குப் போய்வரும் செலவையும், வீட்டு வாடகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். வாரத்துக்கு 42 மணி நேரமாக இருந்த வார்டு தாதியரின் வேலையை 45 மணி நேரமாக்க மலேசியப் பொதுச் சேவைத் துறை வகுத்த திட்டம் இந்தக் கணக்கைப் புறக்கணித்தது.

2024 டிசம்பர் 1-இல் நடப்புக்கு வந்த புதிய அரசு ஊழியர் சம்பள முறை முதற்கட்டமாக 8 விழுக்காடு உயர்வு தந்தது. எடுத்துக்காட்டாக, 42 மணி நேரத்துக்கு 100 ரிங்கிட் பெற்றவருக்கு மணிக்கு 2 ரிங்கிட் 38 சென் கிடைத்தது. 45 மணி நேரத்துக்கு 108 ரிங்கிட் என்றால் மணிக்கு 2 ரிங்கிட் 40 சென். ஆக, உயர்வு இரண்டு சென். எட்டு விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது இந்தத் திட்டப்படி ஒரு விழுக்காட்டைக்கூடத் தொட்டிருக்காது. 2026 ஜனவரியில் இன்னும் 7 விழுக்காடு உண்டே என்போர் அரிசி விலையையும் வாடகையையும் பார்க்காதவர்கள். மற்ற அரசு ஊழியருக்கும் 45 மணி நேரம்தானே என்ற வாதம் அதைவிடப் பலவீனமானது. இரவு 9 மணிக்கு வார்டில் நுழைந்து காலை 7 மணிக்கு வெளியேறும் வேலையை அலுவலக மேசை வேலையோடு ஒப்பிட இடமே இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே 45 மணி நேரத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்தது செலவு. ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயா பல்கலைக்கழகமும் இணைந்து தயாரித்த 2022/2023 ‘பெலஞ்சாவான்கூ’ செலவுக் கையேட்டின்படி, கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக வாழ்பவருக்குப் பொதுப் போக்குவரத்தில் சென்றால் மாதம் 1,930 ரிங்கிட் தேவை. சொந்தக் கார் இருந்தால் 2,600 ரிங்கிட். இடைவெளி 670 ரிங்கிட். காலை 7 மணி முறைக்கு விடியுமுன் புறப்பட்டு, பிற்பகல் முறை முடிந்து இரவு 9 மணிக்குமேல் திரும்பும் பெண்ணுக்குக் கார் ஆடம்பரம் ஆகாது. ஆகவே அந்த 670 ரிங்கிட்டும் வேலையின் செலவே.

இருக்கும் இடமும் கணக்கை மாற்றுகிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை கூடுதல், ஆனால் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நடை தூரத்தில் உள்ளது, எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பேருந்து அனைத்துக்கும் 50 ரிங்கிட் ‘மை50’ மாத அட்டை போதும். கிள்ளானில் வாடகை குறைவு. கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும், அந்த அட்டையும் அதில் செல்லாது. காரில் போனால், வாடகையில் மிச்சமாவது பெட்ரோலிலும் டோலிலும் கரைகிறது.

வெளிநாட்டு வேலைக்கான கணக்கையும் இதே முறையில்தான் போட வேண்டும். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் பெறும் என்பது பாதிக் கணக்கு. நிரந்தரவாசத் தகுதி இல்லாத மலேசியருக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. அறை வாடகையும் அதே வெள்ளியில்தான். ஆனால் அந்நாடு 2024-இல் அறிவித்த ‘ஏஞ்சல்’ திட்டத்தில், பொதுச் சுகாதாரத் துறையில் நீடிக்கும் தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெற முடியும். நான்காண்டு பணியாற்றிய வெளிநாட்டுத் தாதியரும் அதில் அடங்குவர். சவூதி அரேபியாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. தங்குமிடத்தையும் பல மருத்துவமனைகளே தருகின்றன.

அண்டை நாடான சிங்கப்பூர் தாதியரைத் தக்கவைக்கப் பணம் ஒதுக்கிய அதே ஆண்டில், மலேசியா தன் தாதியரிடம் கூடுதலாக மூன்று மணி நேரம் கேட்டது. வார்டுகள் காலியாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 42 மணி நேரத்தைச் சட்டப்படி உறுதிசெய்து, முறைப் பணிக்கான போக்குவரத்துப் படியும் மருத்துவமனை அருகே குறைந்த வாடகைக் குடியிருப்பும் வழங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கின் தாதியர் ஊரிலேயே இருப்பார்கள். இவை இல்லாத எந்தச் சம்பள உயர்வும் அவர்களைத் தடுத்து நிறுத்தப் போவதில்லை.