எங்க ஊர்ச் சுவரும் காத்திருக்கு

பஜ்ஜு ஷ்யாம்னு ஒரு ஓவியர். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி. லண்டன்ல ஒரு உணவகத்துச் சுவர்ல படம் வரையப் போனவர், அந்த நகரத்தைத் தன் காட்டுக் கண்ணால பார்த்தார். பிக் பென் கடிகாரம் சேவலாச்சு, பஸ் நாயாச்சு. 2004ல சென்னை தாரா பதிப்பகம் அதைப் புத்தகமா போட்டுச்சு. 2018ல பத்மஸ்ரீ கிடைச்சது.

இந்த மாதிரி படங்களை இப்போ கண்காட்சியில வைக்கிறாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, நல்லது. ஆனா அந்தக் கலை பொறந்தது மண் வீட்டுச் சுவர்லயும் தரையிலயும்தான்.

மரக்காணம் உப்பளத்துல அம்மா உப்பு வாருறதை தினம் பாக்குற பிள்ளைகிட்ட, "அம்மா என்ன வேலை?"னு கேட்டா தலையைக் குனியுது. நான் கண்ணால பார்த்திருக்கேன். தன் வாழ்க்கையை ஒரு படத்துலகூட அது பார்த்ததில்லை. லண்டன் பஸ்ஸே படமாகும்போது, பாத்தியும் வாருபலகையும் கழுவெளிக்கு வர்ற பூநாரையும் ஆகாதா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில போறப்போ உப்புக் குவியலோட செல்ஃபி எடுக்குறீங்களே, வரையத் தெரிஞ்சவங்க ஒரு நாள் இறங்குங்க. பள்ளிக்கூடத்துல அனுமதி கேட்டு, ஒரு சுவரை எங்க பிள்ளைங்களோட சேர்ந்து வரைங்க. என்ன வரையணும்னு அதுங்களே சொல்லட்டும். சாப்பாடு நம்ம வீட்டுல.