கூரைமேல் பாஸ், கூரைக்கீழ்க் குடும்பம்

ஐப்பசி பிறந்ததும் ஊவா மலைகளுக்கு இரண்டு விருந்தினர் ஒருங்கே வந்து சேருகின்றனர். ஒருவர் மழை, மற்றவர் தீபாவளி. ஆடி ஆவணியில் பசறையிலும் நமுனுகுலையிலும் அடித்த வறண்ட காற்று, தேயிலைக்கு மணத்தைக் கொடுத்துவிட்டு, கூரைத் தகரங்களின் ஆணிகளைத் தளர்த்திவிட்டுப் போய்விடும். முதல் மழை பெய்த இரவில்தான் ஒழுகும் இடமெல்லாம் தெரியவருகின்றது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பாஸுக்கு ஆள் அனுப்புகின்றோம். தகரம் மாற்ற ஒருவர், சுவர் பூச ஒருவர், வயர் இழுக்க ஒருவர் எனப் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களெங்கும் அந்தச் சில வாரங்கள் தொழில் வல்லோரின் காலமாகிவிடும்.

புதுமனை கட்டுவதற்கும் குடியிருக்கும் வீட்டைத் திருத்துவதற்கும் உள்ள வேற்றுமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புதுமனையில் ஆபத்து வேலை செய்பவருக்கு மட்டுமே. குடியிருக்கும் வீட்டிலோ, மேலே பாஸ் ஆணி பிடுங்குகையில் கீழே அடுப்பில் சோறு கொதிக்கும். இஸ்தோப்பில் பாட்டி படுத்திருப்பார். பாடசாலை விட்டு வந்த பிள்ளை ஏணியின் முதற்படியில் ஏறி நிற்கும். தொழிலாளியின் கருவி குடும்பத்துக்கு ஆபத்து. குடும்பத்தின் நடமாட்டம் தொழிலாளிக்கு ஆபத்து. இருவரும் ஒருவருக்கொருவர் காவலாக நிற்க வேண்டிய இடம் அது.

லயன் வீடுகளில் இச்சிக்கல் பன்மடங்காகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடியென்னும் காம்பராக்கள் ஒரே வரிசையிலும், சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியும் நிற்கின்றன. சுவர் பலருக்குப் பொது; கூரை எல்லோருக்கும் பொது. ஒரு காம்பராவில் மூண்ட தீ வரிசை முழுவதையும் விழுங்கிவிட்ட செய்திகளை மலையகம் எத்தனை முறை கேட்டிருக்கின்றது! ஆகவே லயத்தில் ஒருவர் வீட்டு வேலையென்று ஒன்று இல்லை. அது எல்லோர் வீட்டு வேலையுமாகும்.

இதற்கு ஒரு சான்று கூறுவோம். நான்காம் காம்பராவில் ஒழுகும் தகரத்தை மாற்ற பாஸ் வருகின்றார். வீட்டுக்காரரும் புத்திசாலித்தனமாகத் தம் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகின்றார். ஆயினும் ஆறாம் காம்பராவில் பல ஆண்டுகளுக்கு முன் இழுத்த வயரொன்று தகரத்தில் உராய்ந்து உராய்ந்து மேலுறை தேய்ந்து கிடக்கின்றது. தகரங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து கிடப்பதால், ஆறாம் வீட்டில் தொட்ட 230 வோல்ட் மின்சாரம் நான்காம் வீட்டுக் கூரைவரை ஓடிவரலாம். அணைத்த சுவிட்சோ, நான்காம் வீட்டில் உள்ள டிரிப் சுவிட்சோ அங்கே உதவமாட்டா. ஏனெனில் மின்சாரம் கசிவது அவ்வீட்டு இணைப்பிலிருந்து அன்று. லயத்துக் கூரைமேல் ஏறுமுன் அவ்வரிசையிலுள்ள எல்லா வீடுகளின் மெயின் சுவிட்சுகளையும் அணைக்க வேண்டுமென்பது இதனாலேயாம். அதற்கு முதல்நாள் மாலையே வீடுவீடாகச் சொல்லிவைத்தல் வேண்டும். அரைமணி நேர வேலை அது. அதைச் செய்யத் தவறினால் ஓர் உயிரின் விலை கொடுக்க நேரும்.

டிரிப் சுவிட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளுக்குரியது வழக்கமாக 30 மில்லி அம்பியர் அளவினது. மின்சாரம் வயரை விட்டு உடம்பின் வழியாக மண்ணுக்குக் கசிய முற்பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. பழைய பியூஸ் கம்பியோ வயரை எரியாமற் காக்குமேயன்றி மனிதனைக் காவாது. டிரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்ப்பதை வீட்டிலுள்ள மாணவர் எவரேனும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளலாம். அது விழவில்லையென்றால் உடனே மாற்றவேண்டும். அடிக்கடி விழுகின்றதே என்று அதனைக் கட்டிவைப்பதும் தவிர்த்து வயர் இழுப்பதும், குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

இனி, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

பண்டை உரோமாபுரியின் சட்ட அறிஞர்கள் இவ்வினாவை ஆராய்ந்திருக்கின்றனர். மரத்தின்மேல் நின்று கிளை வெட்டுகிறவன் ஒருவன். கீழே வழிநடந்த அடிமையொருவன்மேல் கிளை விழுந்து அவன் மாண்டான். பொதுவழியில் நிகழ்ந்து, வெட்டியவன் கூவி எச்சரிக்கவில்லையாயின் அவனே பொறுப்பாளி என்றார் பவுலுஸ் என்னும் அறிஞர். தனியார் இடமாயினும் குற்றம் குற்றமே என்று அவருக்கும் முந்திய மூக்கியுஸ் கூறியதை அவர் எடுத்துக்காட்டினார். கவனமுடைய ஒருவன் முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடியதை அறியாமல் விடுவதே குற்றம் என்பது அவர்கள் கண்ட முடிவு. விலக முடியாத நேரத்தில் கூவிய எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று என்பதும் அதனுள் அடங்கும்.

இப்பழங்கதைக்கும் பதுளைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு நெருங்கியது. உரோமச் சட்டம் ஒல்லாந்தர் கைவழியே உரோம-டச்சுச் சட்டமாகி, இலங்கைக் கரையோரத்துக்கு வந்தது. பதுளை ஒல்லாந்தர் ஆட்சியைக் கண்டதில்லை. 1815 வரை அது கண்டி இராச்சியத்தின் பகுதி. ஆயினும் பிரித்தானியர் காலத்தில் அச்சட்டம் மலைநாட்டுக்கும் ஏறிவந்தது. கவனக்குறைவால் பிறர்க்கு நேர்ந்த தீங்கை இன்றும் நம் நீதிமன்றங்கள் அந்த வழியிலேயே ஆராய்கின்றன. ‘பாஸ்’ என்னும் சொல்லும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றதே என்பது சுவையான பொருத்தம் அன்றோ?

ஆக, ஓடோ தகரமோ கீழே வீசும் பாஸ், எச்சரிக்காது வீசினால் பொறுப்பாளியாவார். அதேபோல், தேய்ந்த வயரையோ உளுத்த மரச்சட்டத்தையோ அறிந்திருந்தும் சொல்லாது அவரைக் கூரையேற்றும் வீட்டுக்காரரும் பொறுப்பிலிருந்து எளிதில் விலகிவிட முடியாது. லயத்திலோ மூன்றாம் தரப்பும் உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பெரும்பாலானவற்றை நிருவகிப்பவை கம்பனிகள். தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் பலவற்றின் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. கட்டிடம் ஒருவருடையது, குடியிருப்பு ஒருவருடையது, திருத்தச் செலவு குடும்பத்துடையது என்னும் நிலையில், சுவரை இடிக்குமுன்னும் புதிய இணைப்பு இழுக்குமுன்னும் தோட்ட நிருவாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுதல் நன்று.

பாஸ் விழுந்துவிட்டால்? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், வேலையின்போது காயமுற்ற தொழிலாளிக்கு வேலைகொள்வோர் ஈடு செய்யவேண்டுமென்று விதிக்கின்றது. கொந்தராத்துக்காரரிடம் சம்பளம் பெறும் கையாளுக்கு அக்கொந்தராத்துக்காரரே வேலைகொள்வோர். ஆனால் தம் சொந்தக் கணக்கில் வீடு வீடாக வேலை செய்யும் பாஸ் எவருடைய தொழிலாளி? இவ்வினாவிலே அவர் குடும்பத்தின் எதிர்காலம் தொங்குகின்றது. இத்தகையோர் தமக்கென ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்வதும், அச்செலவைக் கூலியிற் சேர்த்துக் கேட்பதும் நியாயமே. நூறு ரூபா குறைத்துப் பேசும் நாம், அவர் எதைக் குறைத்து அதை ஈடுசெய்வாரென்றும் எண்ணவேண்டும்.

அஸ்பெஸ்டஸ் தகடுள்ள கூரைகளில் வேறோர் ஆபத்து. அது மனிதப் பாரத்தைத் தாங்காது. சட்டத்தின்மேல் பலகையிட்டு அதன்மேலேயே நடத்தல் வேண்டும். உடைந்தால் எழும் தூசி, பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. எனவே தகட்டை நனைத்து, மரையைக் கழற்றி, முழுதாக இறக்கவேண்டும். வாளால் அறுப்பதும் உலர்ந்த தூசியைப் பெருக்குவதும் கூடா. பிள்ளைகள் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இத்தகட்டின் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நம் அரசு முனைந்தபோது, 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டொன்று கண்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. அந்நாடு அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் நாடு. நம் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அம்மாத இறுதிக்குள் தேயிலைத் தடையும் நீங்கிற்று. கொழுந்து பறிப்பவரின் பிழைப்பும் அவர் தலைமேலுள்ள கூரையும் உலகச் சந்தையில் ஒரே தராசில் வைக்கப்பட்ட விந்தை இது!

வேலை தொடங்குமுன் ஒரு கால்மணி நேரம் பாஸும் வீட்டுக்காரரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டுமென்பது நம் கருத்து. முன்பே இருந்த வெடிப்பு, பழைய வயர், ஆடும் சட்டம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுக. செய்யாத பிழைக்குப் பழி ஏற்க நேருமோ என்னும் அச்சம் பாஸுக்கு நீங்கும். செய்த பிழை மறைக்கப்படுமோ என்னும் ஐயம் வீட்டாருக்கு நீங்கும். மாலையில் ஏணியைச் சாய்த்து வைப்பதும், ஆணிகளைப் பொறுக்குவதும், நீற்றிய சுண்ணாம்புக்கு மூடியிடுவதும் அன்றைய வேலையின் பகுதியே. சுண்ணாம்பு கண்ணிற்பட்டுப் பார்வை கெட்ட குழந்தைக்கு எந்த நட்டஈடும் கண்ணைத் தாராது.

வருகின்ற பாஸ் பெரும்பாலும் அந்நியர் அல்லர்; அடுத்த லயத்துத் தம்பி, அல்லது மாமன் மகன். முறைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று நாம் கூசுகின்றோம். முறைக்காரர் வீட்டில் எப்படி மறுப்பது என்று அவரும் கூசுகின்றார். “அண்ணா, இந்த வயரில் இன்னொரு இணைப்புக் கொடுக்க மாட்டேன், இது தாங்காது” என்று சொல்லும் இளைஞனைப் பெருமைக்காரனென்று எண்ணற்க. தொழிற்பயிற்சி பெற்றுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளிடம் நாம் வேண்டுவது அந்த மறுப்புச் சொல்லும் துணிவையுமேயாம். அவன் மறுத்த வேலையை வேறொருவரை அழைத்து மலிவாக முடித்துக்கொள்ளும் வீடு, தன் பிள்ளைகள் உறங்கும் கூரையைத்தான் மலிவாக்கிக்கொள்கின்றது.