உறுதி கொடாத அரசும் உறுதி கேட்கும் சட்டமும்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியில், திருக்கோவிலைத் தாண்டிச் சென்றால் கோமாரி வரும். ஒரு புறம் கடல். மறு புறம் களப்பும் வயலும். அதற்கப்பால் அறுகம்பை. அங்கு உல்லாசப் பயணிகள் பெருகப் பெருக, இக்கரையெங்கும் காணிக்குக் கிராக்கி பெருகுகின்றது. கிராக்கியோடு தரகரும் பெருகுகின்றனர். "கடதாசியெல்லாம் சரியாக இருக்கிறது" என்ற தரகரின் ஒரு வார்த்தையை நம்பி, ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, பின்னர் எம்மிடம் வந்து "ஐயா, இது செல்லுமா?" என்று கேட்போர் பலர். பணங் கொடுத்த பின் கேட்கும் அக்கேள்வியைப் பணங் கொடுக்குமுன் கேளுங்கள் என்பதே நாம் முதலிற் கூற விரும்புவது.

சட்டம் தெளிவாகவே இருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதி ஒப்பமிடாத காணி விற்பனைக்கு வலுவில்லை. முத்திரை ஒட்டிய கைச்சீட்டோ, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியோ, கிராம அலுவலரின் கடிதமோ உறுதியாகமாட்டா. ஆனால் அதே 1840இல் 12ஆம் இலக்கச் சட்டமொன்றும் பிறந்தது. காடும், தரிசும், குடியிருப்பில்லா நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியனவென்று அது விதித்தது; இடையிட்டுப் பயிரிடும் சேனையையும் அது விடவில்லை. ஒரு கையால் "தாள் எங்கே?" என்று கேட்ட ஆட்சி, மறு கையால் தாளற்றவனின் நிலத்தை எடுத்துக்கொண்டது. முடி போயிற்று, குடியரசு வந்தது. அந்த நியாயம் மட்டும் போகவில்லை.

இதன் விளைவை இன்று அனுபவிப்பவர் யார்? இக்கரையில் உழுது பயிரிடும் பலரின் கையில் இருப்பது உறுதியன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம். அதை வைத்திருப்பவர் தம் விருப்பப்படி அக்காணியை விற்க இயலாது. அளிப்புப் பத்திரம் பெற்றவர் கூட, பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன்னனுமதியின்றி விற்றால், அவ்விற்பனை சட்டத்தின் முன் வெறிது. "பத்து வருடம் ஆண்டுவிட்டேன், இனி என்னுடையது" என்பாருமுளர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் தனியாருக்கிடையே செல்லும். அரசுக்கு எதிராகச் செல்லாது. பத்தன்று, ஐம்பது வருடம் ஆண்டாலும் அந்நிலம் அரச நிலமே.

தனியார் உறுதிக் காணி என்றால் அச்சமில்லையா? அங்கும் உண்டு. கிழக்கிலே வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பது தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரின் வழக்கம். ஆனால் சீதனம் வாய்ச்சொல்லோடு நின்று, உறுதி மாண்டுபோன பாட்டனார் பெயரிலேயே கிடந்தால், விற்க வருபவருக்குச் சொந்தம் எவ்வளவு? முஸ்லிம் குடும்பமாயின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி மரபுரிமை பங்காகும். அப்பங்காளரில் ஒருவர் மட்டும் ஒப்பமிட்டால், வாங்குபவர் பெறுவது வீட்டையன்று; அந்த ஒருவரின் பிரிபடாப் பங்கை மாத்திரமே. கடற்கரையோரமாயின் இன்னுமொரு கேள்வி: 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். அது உண்டா?

இனி எம் தொழிலாளரைப் பற்றியும் கூறாது விடின் நாம் நேர்மையாளராகோம். உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை. தேடல் வேண்டாமென்று கட்சிக்காரர் எழுத்தில் ஒப்பமிட்டாலன்றி அக்கடமையினின்றும் அவர் விடுபடார். அந்த ஒப்பம் எவ்வாறு பெறப்படுகின்றது? அவசரத்தில் நீட்டப்படும் தாள்களுக்கிடையே, வாசித்துக் காட்டாமலே பெறப்படுகின்றது! சிறு தேடற் செலவை மிச்சம் பிடித்து, வீட்டை இழப்பவர் கட்சிக்காரர்; எழுத்துக்கூலியோடு எழுந்து செல்பவர் நொத்தாரிசு. 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, முறைகேடின்றி முன் பதிந்த உறுதியே முந்தும். இன்று எழுதி அடுத்த மாதம் பதியலாமென்று இருப்பவர், இடையில் வேறொருவர் பதிந்தாற் காணியை இழக்கலாம். முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 3, எஞ்சியதற்கு நூற்றுக்கு 4. அதனைக் குறைக்க விலையைக் குறைத்தெழுதுவோருக்கு ஒரு வார்த்தை: பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாள் வந்தால், நீங்கள் எழுதிய பொய்யே உங்களுக்கு எதிர்ச்சாட்சி.

ஆயினும் குடியானவனை மட்டும் குறை கூறுவது அநீதி. போர்க்காலத்தில் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் உறுதிப் பெட்டியை விட்டு உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடினர். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீட்டோடு தாளும் போயிற்று. 1983 முதல் 2009 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்காட இயலாதிருந்தோர்க்கென்று 2016இல் ஒரு சட்டம் இயற்றினர். அது கொடுத்த தவணை இரண்டே ஆண்டுகள்! இருபத்தாறு ஆண்டுத் துயரத்துக்கு இரண்டு ஆண்டுத் தவணை. அச்சட்டத்தின் பெயரையாவது கேள்விப்பட்ட உழவர் எத்தனை பேர்?

"முழு உரிமை கொடுத்தால் ஏழை விற்றுவிடுவான், செல்வன் வளைத்துக்கொள்வான்" என்பது அரசின் பழைய வாதம். அந்த அச்சம் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால் ஏழை இன்றும் விற்கின்றான். தாளில்லாத காரணத்தால் மலிவாக விற்கின்றான். வாங்குபவனும் பாதுகாப்பின்றி வாங்குகின்றான். இந்தத் தடையால் இருவரும் நட்டப்படுகின்றனர். இடைத்தரகன் ஒருவனே வாழ்கின்றான். இதற்கா பாதுகாப்பு என்று பெயர்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தேசிய காணி ஆணைக்குழுவொன்றைக் கூறிற்று. அது ஏட்டிலேயே உறங்குகின்றது.

நாம் கேட்பது பிச்சையன்று. நீண்டகாலம் குடியிருந்து பயிரிடும் அனுமதிப்பத்திரக்காரருக்கு, காலவரையறை வைத்து உறுதி வழங்குக. பதிவகமும் பிரதேச செயலகமும் ஊருக்கு வந்து, தமிழிலே தாளெழுதித் தமிழிலே விளக்குக. தேடலை விலக்கும் ஒப்பத்தை ஒழித்துவிடுக.

அதுவரை, வாங்குவோரே, நான்கு கேள்விகளை மறவாதீர்: இது அரச காணியா, தனியார் காணியா? பதிவேட்டில் யார் பெயர் இருக்கின்றது? ஈடும் வழக்கும் உண்டா? பங்காளர் எல்லோரும் ஒப்பமிடுகின்றனரா? விடை எழுத்தில் வருமுன், முற்பணமாக ஒரு சதமும் கொடாதீர். கற்ற நண்பர்களே, உங்கள் அயலிலுள்ள உழவனின் கடதாசியை ஒரு மாலைப்பொழுதில் வாசித்துச் சொல்லுங்கள். மேடையில் மண்ணைக் காப்போமென்று முழங்குவதிலும், ஒருவனின் வீட்டைக் காக்கும் அந்த ஒரு மாலை பெரிது.