பெயர்போன ஒரு வீதி

'பெயர்போன' என்னும் தொடருக்கு நம் மொழியிலே இரண்டு பொருள் கொள்ள இடமுண்டு. புகழ் பரவிய என்பது ஒன்று. பெயரை இழந்த என்பது மற்றொன்று. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் வீதியொன்று சிங்கப்பூரிலே உளது. அதன் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களோடு கூடிச் சிறிது துருவிப் பார்ப்போம். கடல் கடந்த ஊரின் கதையாயினும் இது நமக்கு அந்நியமானதன்று. அவ்வீதிக்கு முன்பு வழங்கிய பெயரும், பின்பு இடப்பெற்ற பெயரும் ஆகிய இரண்டுமே தமிழரைக் குறிக்க எழுந்தவை.

சிங்கப்பூர் ஆற்றின் தென்கரைக்கு அணித்தாக, வங்கி மாளிகைகள் வானளாவி நிற்கும் பகுதியிலே 'சூலியா வீதி' என்று பெயர்ப்பலகை தாங்கிய வீதியொன்று இருக்கின்றது. 1920களின் தொடக்கம் வரையில் அதற்குக் 'கிளிங் வீதி' என்று பெயர். பெயர் ஏன் மாறிற்று? மாற்றியவர் யார்? மாற்றத்தால் வந்த நன்மை யாது, இழப்பு யாது? இவையே நாம் இன்று ஆராயப் புகும் வினாக்கள்.

ஆங்கிலேயராகிய ஸ்ரம்போர்ட் ராபிள்ஸ் சிங்கப்பூரிலே வந்திறங்கியது 1819-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில். அதே ஆண்டு மே மாதத்தில் அவர் இரண்டாம் முறை வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. ஊர் எழும்பப் போகின்றது, வீடு கட்டக் கல் வேண்டுமே என்று கருதி அங்கே முதன்முதல் செங்கற் சூளை வைத்தவர் இத்தமிழரே. 1827-ம் ஆண்டில் மாரியம்மன் கோவிலுக்கு அடிகோலியவரும் அவரே. நாகப்பட்டினம், நாகூர் முதலிய சோழமண்டலக் கரையூர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களும் அக்காலத்திலேயே அங்கே குடியேறினர். அவர்கள் 1826-ல் ஜாமிஆப் பள்ளிவாசலையும், 1828 முதல் 1830 வரையில் நாகூர்த் தர்காவையும் அமைத்தனர். இவ்வழிபாட்டிடங்களெல்லாம் நாம் கூறும் வீதியிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலே இன்றும் உள்ளன.

கோவிலும் பள்ளியும் எழுந்த இடத்துக்கு அருகே வாழ்வும் தொழிலும் இருந்திருக்க வேண்டுமன்றோ? துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்குகளை இறக்கி, தோணிகளில் ஏற்றி, ஆற்றங்கரைப் பண்டகசாலைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தொழில், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களின் கையிலேயே இருந்தது. பின்னரே அது சீனர் கைக்கு மாறிற்று. நாணயம் மாற்றுவோரும், சிறு வணிகரும், வட்டிக்குப் பணம் கொடுப்போரும் ஆற்றை ஒட்டிய வீதிகளிலே கடை வைத்தனர். அவர்கள் நெருங்கி வாழ்ந்த வீதியே கிளிங் வீதி எனப்பட்டது.

கிளிங் என்பது யாது? மலாய் மொழியிலே 'கெலிங்' என்று ஒரு சொல் உண்டு. தென்னிந்தியரை, சிறப்பாகத் தமிழரை, அச்சொல்லாற் குறிப்பர். ஆங்கிலேயர் அதனைக் கிளிங் என்று சுருக்கினர். சீனரும் அச்சொல்லையே தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். இது கலிங்கம் என்னும் பழைய நாட்டுப் பெயரின் சிதைவு என்பதே அறிஞர் கொள்கை. கிழக்குக் கடலோடிச் சென்ற கலிங்கரின் பெயர், காலப்போக்கில் அக்கரையிலிருந்து வந்தோர் அனைவருக்கும் பொதுவாயிற்று.

இப்பெயர் தோன்றியபோது அதிலே இழிவு ஏதும் இருக்கவில்லை. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலிலே ஒரு கதை வருகின்றது. சிங்கப்பூரரசனிடம் பாடாங் என்னும் பெருவலியோன் ஒருவன் இருந்தானாம். அவனுடைய ஆற்றலைக் கேள்வியுற்ற கலிங்க வேந்தன், அவனை வெல்லுமாறு தன் மல்லன் ஒருவனைக் கப்பலேற்றி அனுப்பினானாம். கலிங்க மல்லன் தன் முழங்கால் மட்டுமே தூக்க முடிந்த பாறையைப் பாடாங் எளிதிலே தூக்கி ஆற்று முகத்துவாரத்தில் எறிந்தானாம். தோல்வி கலிங்கத்தானுக்குத்தான், ஆயினும் ஒரு நாட்டு வீரனைத் தம் வீரனுக்கு நிகராக வைத்துக் கதை சொல்வோர், அந்நாட்டை இகழ்வோராக இருத்தல் இயலாது. 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கேயரும் அங்கே செல்வமும் செல்வாக்கும் படைத்த கெலிங் வணிகரைக் கண்டனர். அவருள் நீனா சட்டு என்று அவர்கள் குறித்த ஒருவருக்குப் பெந்தகாரா என்னும் உயர் பதவியையும் அளித்தனர்.

அத்தகைய சொல் எவ்வாறு வசைச்சொல் ஆயிற்று?

கைதிகளின் காற்சங்கிலி 'கிளிங், கிளிங்' என்று ஒலித்தமையால் இப்பெயர் வந்தது என்று கூறுவார் உளர். இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டதும், 1873 வரையில் அங்கே வைத்து வேலை வாங்கப்பட்டதும் மெய்யே. செயின்ற் அன்ட்ரூஸ் தேவாலயமும் ஆளுநர் மாளிகையும் அவர்களுடைய உழைப்பால் எழுந்தவை. ஆயினும் அவர்கள் முதன்முதல் அங்கே கால் வைத்தது 1825-ல். தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கேயர் மலாக்காவிலிருந்து கெலிங் மக்களைப் பற்றி எழுதியதோ 1512-க்கும் 1515-க்கும் இடையில். முந்நூறு ஆண்டு பிந்தி வந்த சங்கிலி, முந்நூறு ஆண்டு முந்தி வழங்கிய சொல்லைப் பெற்றெடுத்தல் எங்ஙனம் கூடும்? செவிக்கு இனிய காரணம் யாவும் உண்மைக் காரணம் ஆகா என்பதை மாணவர் மனத்திற் கொள்வாராக.

எனினும் இப்பொய்க் காரணத்துள்ளும் ஓர் உண்மை ஒளிந்து கிடக்கின்றது. வணிகனும் மாலுமியும் சென்ற கடல்வழியிலே பிற்காலத்தில் கைதியும், ஒப்பந்தத் தொழிலாளியும் ஏற்றிச் செல்லப்பட்டனர். காடு வெட்டவும், தெருப் போடவும், தோட்டங்களில் உழைக்கவும் அவர்களைப் பயன்படுத்தினோர், அவர்களை மனிதராக மதித்தாரல்லர். மதிப்பிழந்த மக்களைக் குறித்த பெயரும் மதிப்பிழந்தது. சொல் தானாக இழிவதில்லை. சொல்லுக்குரியோரை இழிவாக நடத்தும்போதே அது இழிகின்றது.

இதற்கு எடுத்துக்காட்டு வேண்டிச் சிங்கப்பூர் வரை செல்ல வேண்டுவதில்லை. கூலி என்பது தமிழிலே செய்த வேலைக்குரிய ஊதியம். நேர்மையான சொல். ஆனால் நம் மலைநாட்டுத் தோட்டங்களிலே துரைமாரின் வாயில் அதே ஒலி ஊதியத்தைக் குறிக்கவில்லை, மனிதரைக் குறித்தது. இலங்கைக்குத் தேயிலைச் செல்வத்தைத் தேடிக் கொடுத்த மக்கள், பெயர் சொல்லி அழைக்கப்படாது அச்சொல்லாலேயே அழைக்கப்பட்டனர். அச்சொல் அவர்தம் பிள்ளைகளின் செவியில் எவ்வாறு விழுந்தது என்பதை உணர்வோர், கிளிங் என்னும் பெயரைச் சிங்கப்பூரில் வாழ்ந்தோர் ஏன் வெறுத்தனர் என்பதையும் உணர்வர்.

ஒரு மனிதன் வழிப்போக்கன் வாயிலிருந்து வசை கேட்டால் ஒதுங்கிப் போகலாம். அவ்வசை வீதிப் பலகையிலே எழுதப்பட்டிருந்தால் எங்கே ஒதுங்குவது? கடிதத்தின் மேல் முகவரியாக, கடையின் பற்றுச்சீட்டிலே விலாசமாக அதனைத் தானே எழுத நேர்ந்தால் என் செய்வது? இந்திய சமுதாயத்தாரின் மனக்குறையை ஏற்று, நகராட்சி ஆணையாளர் 1920களின் தொடக்கத்திலே கிளிங் வீதியைச் சூலியா வீதி ஆக்கினர்.

இங்கே நாம் கவனித்தற்குரியது ஒன்றுண்டு. பழைய பெயரை நீக்கியோர் அவ்விடத்தில் ஓர் ஆளுநரின் பெயரையோ, அரச குமாரரின் பெயரையோ சூட்டவில்லை. அவ்வீதியிலே வாழ்ந்த மக்களுக்கே உரிய வேறொரு பெயரைச் சூட்டினர். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழரை, பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர். சோழர் என்பதினின்றும் பிறந்ததென்று கொள்ளப்படுவது. பினாங்கிலும் சூலியா வீதி ஒன்று உண்டு. ஆகவே பெயர் மாறியும் பெயருக்குரியோர் மாறவில்லை. கலிங்கம் போய்ச் சோழம் வந்தது, அவ்வளவே.

கலிங்கமும் சோழமும் நம் நாட்டு வரலாற்றிலும் அருகருகே நிற்பவை என்பதை வாசகர் அறிவர். பொலன்னறுவை, சோழராட்சியிலே சனநாதமங்கலம் என்ற பெயரோடு விளங்கிற்று. பின்னர் அதே நகரில் 1187 முதல் 1196 வரை அரசு செலுத்திய நிசங்கமல்லன், தான் கலிங்கக் குலத்தவன் என்று கல்லிலே பொறித்துப் பெருமை கொண்டான். ஓரிடத்தில் மன்னன் மார்தட்டிச் சொன்ன குலப்பெயர், வேறோரிடத்தில் ஏழைத் தொழிலாளியின் மேல் எறியப்பட்ட வசையாயிற்று. பெயர் ஒன்றே, அதனை உரைத்த வாயும் கேட்ட செவியுமே வேறு.

மலாயாக் கரையிலும் அப்பெயர் எங்கும் அழிந்துவிடவில்லை. மலாக்காவிலே 1748-ம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் அதே பெயரோடு விளங்குகின்றது. பினாங்கிலே தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்தவர் பெயரால் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பெரும் புகழ் வாய்ந்தது. ஆங்கில மந்திரியாகிய பிற் என்பவரின் பெயரைத் தாங்கியிருந்த அங்குள்ள வீதி, பிற்காலத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வீதி என்று மாற்றப்பட்டது. ஓரூரில் நீக்கப்பட்ட சொல், மற்றோரூரில் மந்திரியின் பெயரை நீக்கி அவ்விடத்தில் ஏறியமர்ந்தது! இவற்றுள் எது சரி என்று வினவின், இரண்டும் சரியே என்போம் நாம். ஒரு பெயர் தமக்கு மாலையா சுமையா என்று தீர்மானிக்க உரியவர் அப்பெயரால் அழைக்கப்படுவோரே அன்றிப் பிறரல்லர்.

இதுவரை கூறியது அவ்வீதி பெயரை இழந்த கதை. இனிக் கூறப்போவது அவ்வீதி தன்னையே இழந்த கதை.

சூலியா வீதிக்கு அண்மையிலுள்ளது மார்க்கட் வீதி. தமிழர் அதனைச் செட்டித் தெரு என்றனர். கொழும்பிலே கடல் வீதி என்பது அரசாங்கப் பெயராயிருக்க, நாமெல்லாம் செட்டியார் தெரு என்று சொல்லி வருவதை இங்கே ஒப்பிடலாம். சிங்கப்பூர்ச் செட்டித் தெருவிலே நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்டதொரு கூடம். அதிலே பல தொழிலகங்கள் அடுத்தடுத்து நடைபெறும். ஒருவருக்கு ஒரு பெட்டகம், கணக்கெழுதத் தாழ்ந்த மேசை ஒன்று, இருக்கச் சிறிது தரை, இவ்வளவே கந்தோர். பகலிலே கணக்கெழுதிய அதே இடத்தில் இரவிலே பாய் விரித்து உறங்குவர். வங்கிகள் ஏறெடுத்தும் பாராத சிறு கடைக்காரரும் தோட்டக்காரரும் இங்கே வந்து கடன் பெற்றுச் சென்றனர்.

1970களிலும் 1980களிலும் நகரைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியபோது பழைய கட்டடங்கள் தரைமட்டமாயின, கிட்டங்கிகளும் மறைந்தன. சூலியா வீதியிலே 1976-ல் எழுந்த வங்கி மாளிகை, அதன் வடிவம் நோக்கிக் 'கணக்குப் பொறி' என்று ஊராரால் வேடிக்கையாக அழைக்கப்படுகின்றது. மார்க்கட் வீதியிலே இன்று 280 மீற்றர் உயரமான கட்டடம் நிற்கின்றது. பணத்தொழில் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை. அதனைத் தரையில் அமர்ந்து செய்தோர் போயினர்.

ஆக, முதன்முறை பெயர் போயிற்று, வீதி இருந்தது. இரண்டாம் முறை பெயர் இருந்தது, வீதி போயிற்று. இவற்றுள் எது பேரிழப்பு? முதல் மாற்றத்தை அங்கு வாழ்ந்தோர் வேண்டினர். அதனாலே அவர்தம் மானம் காக்கப்பட்டது. இரண்டாவது மாற்றத்திலே பலகை மட்டும் எஞ்சிற்று. இன்று அவ்வழியே விரைந்து செல்லும் இளைஞருள், சூலியா என்றால் யாரென்று நின்று கேட்போர் எத்தனை பேர் இருப்பர்? பெயரை மாற்றுவது குற்றமன்று. பெயரை வைத்துக்கொண்டு, அதன் பொருளைக் கைவிடுவதே குற்றம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இக்கதையிலே பங்குண்டு. ஆங்கிலம் கற்று, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கந்தோர்களிலும் புகையிரதப் பகுதியிலும் சேவை புரிந்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பிய 'மலாயாப் பென்சன்காரர்' இல்லாத கிராமம் முன்னாளில் அரிது. அவர்கள் வழிபட்ட செண்பக விநாயகர் ஆலயம் சிங்கப்பூரிலே 'சிலோன் வீதி'யில் இருக்கின்றது. 1972-ல் நம் நாடு சிலோன் என்னும் பெயரைக் களைந்துவிட்டது. அவ்வீதியோ அதனை இன்றும் தாங்கி நிற்கின்றது. நாம் இழந்த பெயரொன்று அயலூர் வீதியிலே பத்திரமாயிருப்பதும் ஒரு விந்தையே.

உங்கள் வீட்டுப் பெட்டியிலே பாட்டனார் எழுதிய பழைய கடிதங்கள் இருப்பின் அவற்றின் விலாசங்களைப் படித்துப் பாருங்கள். இன்று தேசப்படத்தில் இல்லாத வீதிப் பெயரொன்று அங்கே அகப்படலாம். அப்பெயரையும், அவ்வீதியின் இன்றைய பெயரையும், மாறிய காரணத்தையும் ஒரு கொப்பியிலே குறித்து வையுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே கேளுங்கள். வீதிக்காவது ஒரு பலகை எஞ்சும். முதியோரோடு மறையும் நினைவுக்கு அதுவும் எஞ்சுவதில்லை.